தொட்டி மூன்றில் யானை

மார்ச் 3

தங்கைக்கு,

ஆறு ஆண்டுகளாக என் வீட்டு முகவரி உனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது அலுவலக முகவரி மட்டும் நினைவுக்கு வந்திருக்கிறது. தட்டச்சு செய்து, உன் மீன்குஞ்சுப் பண்ணையின் முத்திரையைக் குத்தி, ‘தீவன ஆய்வுப் பிரிவின் தலைவர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்திருக்கிறாய். நகல் ஒன்றைத் தீவனக் குழுவின் செயலாளருக்கும் அனுப்பியிருக்கிறாய். நகல் போயிராவிட்டால் இந்தப் பதிலை என் உதவியாளர் எழுதியிருப்பார்.

உன் புகார் இது: என் முறைப்படி செய்த தீவனத்தை ஊட்டிய குஞ்சுகள் பத்தாம் நாள் இரையை விட்டு விலகுகின்றன, பன்னிரண்டாம் நாள் பம்பரமாகச் சுழல்கின்றன, பதினைந்தாம் நாள் தொட்டி காலி. இரண்டு ஈடு குஞ்சுகள் இப்படிப் போய்விட்டன.

பதில்: ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் கெடும். கெட்ட எண்ணெய் எந்தக் குஞ்சையும் கொல்லும். உன் பண்ணையில் பீப்பாயின் மூடி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நீ பார்த்துக்கொள்.

கொள்கையைப் பொறுத்தவரை, பதினான்கு ஆண்டுகள் இதே பிரிவில் தொட்டி பராமரித்தவளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆயினும் செயலாளர் இக்கடிதத்தைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். கடல் மீன் பணக்கார வீட்டுப் பிள்ளை. கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய நீண்ட கொழுப்பு அதன் இரையிலேயே தயாராக வந்துவிடுகிறது. எனவே அது சமைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. நன்னீர் மீனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. செடியிலும் விதையிலும் கிடைக்கும் பதினெட்டுக் கரிம அணு நீளமுள்ள குட்டைக் கொழுப்பை எடுத்து, இரண்டிரண்டு கரிமமாக நீட்டி, இடையிடையே புதிய பிணைப்புகளைச் சேர்த்து, இருபத்திரண்டு கரிம நீளத்துக்குத் தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கிறது. முதல் இரை உண்ணும் குஞ்சுக்கும் இந்தத் திறன் உண்டு என்பதை நிறுவியது எனது ஆய்வு. அதனால்தான் கடல் மீன் எண்ணெயே இல்லாத இந்தத் தீவனம் சாத்தியமாயிற்று.

ஏப்ரல் 20 அன்று குழு கூடுகிறது. அன்று நான் கையொப்பமிட்டால், எல்லாக் குஞ்சுப் பண்ணைகளுக்கும் இத்தீவனம் கட்டாயமாகும். அதற்குமுன் உன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்.

உன் அண்ணன்

*

மார்ச் 9

அண்ணா,

முத்திரை குத்தி எழுதினால்தான் உன்னிடமிருந்து பதில் வருகிறது. முன்பே தெரிந்திருந்தால் ஆறு வருஷமாகக் குத்தியிருப்பேன். ‘அன்புள்ள’ என்ற சொல்லுக்கு மட்டும் மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. பரவாயில்லை.

எண்ணெய் கெடவில்லை. அந்த வாரம் ஆட்டியது. நாக்கில் விட்டுப் பார்த்தேன். பதினாலு வருஷம் உன் எண்ணெயை முகர்ந்த மூக்கு இது. கெட்டதும் நல்லதும் தெரியும்.

குஞ்சு சாவதை நீ கடைசியாக எப்போது பார்த்தாய்? எண்ணிக்கையாக இல்லை, கண்ணால். பத்தாம் நாள் காலை என் வலைக்காரர், பெரிய மீசைக்கார மனிதர், தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

“என்னண்ணே?” என்றேன்.

“தங்கச்சி, இதுங்களுக்குக் கண்ணு தெரியல.”

“கண்ணு தெரியலையா? என்ன சொல்றீங்க?”

“நிழல் பட்டாலே சிதறுற ஜாதி இது. இப்பப் பாரு, என் விரலையே வந்து முட்டுது. இரைக்குப் பக்கத்துலயே போயிட்டு வெறும் வாயோட திரும்புது. பாவம், பந்தியில உக்காந்த குருடன் மாதிரி.”

ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஆற்றங்கரையில் இன்னொரு பண்ணை இருக்கிறது. அதன் உரிமையாளரும் நானும் ஒரே பீப்பாய் எண்ணெயைப் பாதிப் பாதியாக எடுத்தோம். அதே தீவனம், அதே தாய்மீன் வம்சம். அவர் குஞ்சுகள் துள்ளுகின்றன. “உங்க கைராசி அப்படி, நான் என்னம்மா பண்றது?” என்கிறார். கைராசியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியாது. தண்ணீரை வைத்துப் பார்த்தேன். அவர் தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறது. ஒரு சொட்டில் ஏழெட்டுப் பூச்சிகள் குதித்துக்கொண்டிருந்தன. என் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

பெரிய மீனைப் பற்றி நீ சொல்வதெல்லாம் சரி. அது சமைக்கும். என் குளத்து மீன்கள் உன் தீவனத்தில்தான் கொழுகொழுவென்று இருக்கின்றன. அறுத்தால் குடலைச் சுற்றிக் கொழுப்பு வெண்ணெயாக அப்பியிருக்கிறது. ஆனால் குஞ்சின் ஈரல் கடுகளவுகூட இல்லை. தாய் முட்டைக்குள் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு தீர்ந்ததும், கண்ணும் மூளையும் ஒரே நேரத்தில் தட்டை நீட்டுகின்றன. அந்தச் சின்ன அடுப்பில் அத்தனை பேருக்கும் பொங்க முடியாது. கொஞ்சமாவது வெளியிலிருந்து வர வேண்டும்.

நம் ஆய்வுத் தொட்டிகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த மழை. அந்தப் பன்னிரண்டு நாள். வடிகட்டிப் பை.

புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்.

தங்கை

*

மார்ச் 14

தங்கைக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய கலை. இல்லாத பூசணிக்காயைச் சோற்றுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டும் புதிய கலையை உன் கடிதத்தில் கண்டேன்.

என் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக அச்சாகியிருக்கிறது: ‘ஆய்வுக் காலம் முழுவதும் ஏரி நீர் நுண்துளைப் பையால் வடிகட்டப்பட்ட பின்னரே தொட்டிகளுக்கு விடப்பட்டது.’ ‘முழுவதும்’ என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காக எழுதுவதில்லை. தீவனத்தைத் தவிர வேறெதுவும் குஞ்சின் வாய்க்குள் போகவில்லை. இறுதியில் அதன் உடலில் நீண்ட கொழுப்பு இருந்தது. எனவே அதை அதுவே ஆக்கிக்கொண்டது. இந்த ‘எனவே’யின் மீதுதான் பிரிவும் தீவனமும் என் பெயரும் நிற்கின்றன.

உன் நோக்கம் எனக்குப் புரியாமலில்லை. கட்டுரை அச்சாகி வந்த அன்று, நீர்க்குழாய் அறைக்கு வெளியே, நான்கு பேர் கேட்க நீ என்னிடம் “பை இல்லாம ஓடுச்சே சார், அத எழுதலையே” என்றாய். ஆசிரியர் பட்டியலில் உன் பெயர் இல்லாத, நன்றியுரையில் மட்டும் இருந்த அதே நாளில். அன்று நான் சொன்னதையும் மறக்கவில்லை: “தொட்டி கழுவுறது உன் வேலை, கட்டுரை எழுதுறது என் வேலை.” கடுமையான சொல். ஆனால் பிழையான சொல் அன்று. இரண்டு வேலைகளும் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தன. நீ மறுநாள் விலகல் கடிதம் கொடுத்தாய். அம்மாவின் நினைவு நாளுக்குக்கூட என் வாசற்படி மிதிக்கவில்லை.

பை கழற்றப்பட்டிருந்தால் அன்றன்றைய தொட்டித் தாளில் அது பதிவாகியிருக்கும். ஒவ்வொரு தாளிலும் ‘கண்டேன், சரிபார்த்தேன்’ என்ற கட்டத்தில் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். பதிவாகியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும். படவில்லை, ஆகவே பதிவாகவில்லை, ஆகவே நடக்கவில்லை.

ஆதாரம் இருந்தால் அனுப்பு. இல்லையேல் புகாரைத் திரும்பப் பெறு.

உன் அண்ணன்

*

மார்ச் 20

அண்ணா,

என்னிடம் ஆதாரம் இல்லை. தாள்கள் எல்லாம் உன்னிடம்தான் இருக்கின்றன: ஆவண அறை, ஜன்னல் பக்கத்து இரும்பு அலமாரி, கீழ்த்தட்டு. சாவி உன் மேசை இழுப்பறையில். நான் நகல் எடுத்து வரவில்லை. அதனால் நீ பயப்பட வேண்டியதில்லை. என் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். போய்ப் பார்ப்பதும் கொளுத்துவதும் உன் கையில்.

ஆனால் என்ன நடந்தது என்று ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அன்று நீ சொல்லவிடவில்லை.

குஞ்சுகள் இரை எடுக்க ஆரம்பித்த நாலாம் நாள் மழை பிடித்தது. ஏரி சேறாகிவிட்டது. பை மணிக்கொரு தரம் அடைத்துக்கொண்டது. கழுவிப் போடுவேன், மறுபடி அடைக்கும். நீர் வரத்து நூலாகிவிட்டது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீ ஏதோ கூட்டத்தில் இருந்தாய். “என்ன வேணாலும் பண்ணு, குஞ்சு சாகக் கூடாது,” என்று வைத்துவிட்டாய். நான் பையைக் கழற்றினேன். பன்னிரண்டு நாள் ஏரி அப்படியே உள்ளே வந்தது, பூச்சியும் பாசியுமாக. குஞ்சுகள் பிழைத்தன. ஒவ்வொரு நாளும் தாளில் எழுதினேன்: ‘பை இல்லை.’

நீ எப்படிக் கையெழுத்துப் போடுவாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வாரத் தாள்களை அடுக்கிக்கொண்டு வருவோம். நீ யாரிடமாவது பேசிக்கொண்டே, பச்சை மைப் பேனாவால், விசிறி வீசுகிற மாதிரி ஏழு தாளையும் முடித்துவிடுவாய். முதல் சனிக்கிழமை ‘பை இல்லை’ என்று எழுதிய தாள்களில் போட்டாய். ஒரு கேள்வி வரவில்லை. நான் வெளியே வந்து நின்றேன். “சார் படிச்சாரா?” என்று தொட்டிக்காரர்கள் கேட்டார்கள். “படிச்சிருப்பாரு,” என்றேன். “பந்தயம் வெச்சுக்கலாமா?” என்றார் குழாய்க்காரர்.

அதனால் அடுத்த வாரம், பை கழற்றிய ஒன்பதாம் நாள் தாளில், குறிப்பு என்ற இடத்தில், ‘இன்று தொட்டி மூன்றில் யானை குளித்தது’ என்று எழுதினேன்.

சனிக்கிழமை அதிலும் கையெழுத்துப் போட்டாய். குழாய்க்காரருக்கு நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நம்முடைய யானை சறுக்கவே இல்லை, குளித்துவிட்டுச் சுகமாகப் போய்விட்டது.

வரும் வாரம் அடுத்த ஈடு பொரிகிறது. பாதியைக் கிணற்றுத் தண்ணீரிலும் பாதியை ஆற்றுத் தண்ணீரிலும் விடப்போகிறேன். தீவனம் ஒன்றே. முடிவு எதுவானாலும் எழுதுகிறேன்.

தங்கை

*

மார்ச் 26

தங்கைக்கு,

நீ சொல்வது உண்மை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் பின்வருவனவும் உண்மையாகும்.

நான் படிக்காமல் கையொப்பமிட்டேன் என்பது அந்தச் சனிக்கிழமையே உனக்கு உறுதியாகத் தெரியும். யூகமாக அல்ல, நீயே சோதனை வைத்து நிறுவியிருக்கிறாய். என் ஆய்வுகளைவிட அது கச்சிதமான சோதனை. தெரிந்த பிறகு என்ன செய்தாய்? என் அறைக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. தட்டினாயா? தேநீர் குடித்தீர்கள். சிரித்தீர்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, கட்டுரை அச்சேறி, உன் பெயர் அதில் இல்லை என்று கண்ட பிறகுதான் உன் நாக்குக்கு உயிர் வந்தது.

அது போகட்டும். அதன் பிறகு ஆறு ஆண்டுகள். என் தீவனத்தை நம்பிய மூன்று குஞ்சுப் பண்ணைகள் மூடப்பட்டன. மூன்றும் கிணற்று நீர்ப் பண்ணைகள் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். அவர்கள் புகார்களுக்கெல்லாம் ‘எண்ணெய் கெட்டிருக்கும்’ என்று பதில் எழுதியது நான். ஆனால் காரணம் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நீ. நீ யாருக்கு எழுதினாய்? யாருக்கும் இல்லை. உன் தொட்டியில் உன் குஞ்சு சுழன்ற அன்று முத்திரையைத் தேடி எடுத்தாய். மற்றவர் குஞ்சுக்கு மட்டும் கண் வேண்டாமா?

என் தவற்றுக்கு அறியாமை என்ற ஒரு கந்தலாவது போர்த்திக்கொள்ள இருக்கிறது. உன்னுடையதற்கு அதுவும் இல்லை.

அலமாரிச் சாவி என் இழுப்பறையில்தான் இருக்கிறது.

அண்ணன்

*

ஏப்ரல் 8

அண்ணா,

முடிவு: கிணற்றுத் தண்ணீரில் விட்டவை பன்னிரண்டாம் நாள் சுழல ஆரம்பித்தன. ஆற்றுத் தண்ணீரில் விட்டவை, கையை நீட்டினால் சிதறி ஓடுகின்றன. வலைக்காரர் ஒரு மணி நேரம் கையை நீட்டி நீட்டி விளையாடிக்கொண்டிருந்தார். நானும் தடுக்கவில்லை.

உன் கடிதத்தை நாலு நாள் திறக்காத மாதிரி வைத்திருந்தேன். படித்ததுதான்.

ஆமாம். பேசாமல் இருந்தேன். பை இல்லாமல் ஓடியதும் தெரியும், மூன்று பண்ணைகள் மூடியதும் தெரியும்; இரண்டையும் சேர்த்துப் பார்க்க நான் விரும்பவில்லை, அதனால்தான் என் தொட்டிக்கும் அதே தீவனத்தைப் போட்டேன். ஒவ்வொரு முறையும், ‘அவனே வந்து கேட்கட்டும்’ என்று இருந்தேன். உன் தப்பு ஒருநாள் தானாக வெளியே வரும், அன்றைக்கு நீ என் வீட்டு வாசலில் நிற்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதில்தான் ஆறு வருஷமும் போனது. இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியது உன்னிடம் இல்லை.

மூடிய பண்ணைக்காரர்களில் ஒருவர் இப்போது வேன் ஓட்டுகிறார். வாரம் ஒருமுறை என் பண்ணைக்கு ஆக்சிஜன் உருளை இறக்குபவர் அவர்தான். இத்தனை நாளாக அவர் முகத்தைப் பார்க்காமல் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நானும் உன் தங்கைதானே. நேற்று அவரை உட்கார வைத்துச் சொன்னேன். மழை, பை, பூச்சி, எல்லாம். அவர் முழுசாகக் கேட்டார்.

“அப்ப என் மேல தப்பு இல்லையாக்கா?” என்றார்.

“இல்லண்ணே.”

“என் பொண்டாட்டி, நான்தான் எண்ணெய் மூடிய சரியா போடலன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றா. நானும் ஆமான்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.” தண்ணீர் கேட்டுக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “யாராவது ஒரு தாள்ல எழுதிக் குடுப்பாங்களாக்கா? அவகிட்டக் காட்டணும்,” என்றார்.

என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. என் தாளுக்கு மதிப்பு இல்லை.

20ஆம் தேதி நீ என்ன செய்தாலும் இனி நான் கடிதம் எழுத மாட்டேன்.

தங்கை

*

ஏப்ரல் 16

அன்புள்ள தங்கைக்கு,

மார்ச் 26 அன்று உனக்கு எழுதிய கடிதத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் ஈரம் இறங்கியிருந்தது. தாள்களின் ஓரங்கள் அப்பளமாகச் சுருண்டிருந்தன. எழுத்து நன்றாகத் தெரிந்தது. உன் கையெழுத்து எப்போதுமே நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டு தாள்கள். பன்னிரண்டிலும் ‘பை இல்லை’. பன்னிரண்டிலும் பச்சை மை.

அவற்றை உருவி, மடித்து, என் கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். இருபது நாட்கள் அவை என் புத்தக அலமாரியில் அகராதிக்கு அடியில் இருந்தன. பாதுகாப்புக்காக எடுத்து வந்தேன் என்று எழுதலாம். உனக்கு அப்படி எழுத மாட்டேன். ஏன் எடுத்து வந்தேன் என்பது எனக்குத் தெரியும். வீட்டின் பின்புறம் சருகு கொளுத்தும் இரும்புப் பீப்பாயை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அண்ணி, “அங்க என்ன தேடுறீங்க?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல,” என்றேன். அதுவும் ஒரு பொய்ப் பதிவுதான்.

நேற்று உன் கடிதம் வந்தது. அந்த வேன்காரரின் கேள்வியை மூன்று முறை படித்தேன். மூன்று பண்ணைக்காரர்களின் புகார்க் கடிதங்களையும் தேடி எடுத்தேன்; ஒவ்வொன்றின் கீழும் என் பதில், அதே ஒன்றரை வரி. அவர் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பது நான் எழுதிக் கொடுத்த வசனம்.

உன்மேல் எனக்குக் கோபம் தணியவில்லை. மார்ச் 26ஆம் தேதிக் கடிதத்தில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை. என்மேல் உள்ள கோபத்தை எங்கு வைப்பது என்று தெரியாததால், அதை உரிய அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். நகல் கீழே. வேன்காரருக்குத் தனியே ஒரு தாள், முத்திரையோடு, இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நீயே கொடு. கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்.

அண்ணன்

*

(நகல்)

ஏப்ரல் 16

தீவனக் குழுவின் செயலாளர் அவர்களுக்கு,

ஐயா,

1. கடல் மீன் எண்ணெய் இல்லாத தீவனம் முதல் இரை உண்ணும் குஞ்சுகளுக்கும் போதுமானது என்ற என் ஆய்வு முடிவைத் திரும்பப் பெறுகிறேன். ஆய்வுக் காலத்தில் பன்னிரண்டு நாட்கள் ஏரி நீர் வடிகட்டப்படாமல் தொட்டிகளுக்குச் சென்றது. குஞ்சுகளே ஆக்கிக்கொண்டதாக நான் எழுதிய கொழுப்பில் எவ்வளவு அவை ஆக்கியது, எவ்வளவு நீரோடு வந்த சிற்றுயிர்களிலிருந்து பெற்றது என்பதைப் பிரித்தறிய வழியில்லை. என் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் உள்ள ‘முழுவதும்’ என்ற சொல் பொய்.

2. வளர்ந்த மீன்களுக்கு இத்தீவனம் ஏற்றதே. குஞ்சுகளுக்கு, வெளியிலிருந்து நீண்ட கொழுப்புக் கிடைக்க வழி செய்யாமல் இதைக் கட்டாயமாக்குவது அவற்றைக் குருடாக்குவதாகும். 20ஆம் தேதி நான் கையொப்பமிட மாட்டேன்.

3. இத்தீவனத்தால் மூடப்பட்ட மூன்று பண்ணைகளின் உரிமையாளர்கள் மீது நான் சுமத்திய எண்ணெய்ப் பராமரிப்புக் குறை ஆதாரமற்றது. அவர்களுக்குத் தனித்தனியே எழுதியுள்ளேன்.

4. நீர் வடிகட்டப்படாததை அன்றன்றே பிழையின்றிப் பதிவு செய்தவர் அப்போதைய தொட்டிப் பராமரிப்பாளர். அவர் என் தங்கை. பதிவை நான் படிக்கவில்லை. என்மீது விசாரணை நடத்தக் கோருகிறேன்.

5. நான் படிக்கவில்லை என்பதற்குச் சான்று தேவைப்படின், இணைப்பில் ஒன்பதாம் தாளைக் காண்க. அன்று தொட்டி மூன்றில் யானை குளித்ததாகப் பதிவாகியுள்ளது.

கண்டவர், சரிபார்த்தவர்: நான்.

இணைப்பு: தொட்டித் தாள்கள், பன்னிரண்டு. அசல்.